மோட்டார் போட ஓட்டெடுத்த வாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்பா இருந்தார். அம்மா இருந்தார். சித்தப்பா, முதல் வீட்டுக் கன்னடக்கார அக்கா, அவர் வீட்டுக்காரர், வீட்டுச் சொந்தக்கார அம்மா. அப்புறம் எட்டு வயதில் நான். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கு வேலை.

ஓசூரில் கம்பெனிகளை ஒட்டிய லைன் வீடு. ஆறு குடித்தனத்துக்கும் ஒரே குழாய். மோட்டார் சுவிட்ச் சொந்தக்கார அம்மாவின் வீட்டுக்குள். அவர் ஆறு மணிக்கு எழுந்தால்தான் தண்ணீர். அப்பாவின் கம்பெனி பஸ்ஸோ ஐந்தரைக்கு. இரண்டு தடவை விட்டுவிட்டார். மூன்றாவது தடவை விட்டால் வேலை இல்லை என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னும் ராஜா காலமாண்ணே? ஓட்டுப் போடலாம்" என்றார் சித்தப்பா. அவர் பத்தாவது வரை படித்தவர்.

நாலரைக்கு மோட்டார் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்றைக் கீழே போடச் சொன்னார்கள்.

திங்கள் தண்ணீர் வந்தது. அப்பா பஸ்ஸைப் பிடித்தார். அவர் கம்பெனியில் இருந்த நேரத்தில் இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் கூடினார்கள். "ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுக்கறோம். நாலரைக்கு அது கத்தினா மனுசன் தூங்கறதா?" எட்டு மணி என்று கை தூக்கினார்கள். செவ்வாய் அப்பா முகம் கழுவாமல் ஓடினார். புதன் மறுபடி ஓட்டு.

கடைசியில் ஷிப்டுக்கு ஒருவர் என்று மூன்று பேர் கமிட்டி போட்டார் சித்தப்பா. கமிட்டி கூடவே இல்லை. ஒருவர் கம்பெனியில், ஒருவர் தூக்கத்தில், ஒருவர் பஸ்ஸில்.

"பேசி முடிச்சிட்டு வாங்கப்பா. அதுவரைக்கும் நான் எழுந்திரிக்கற நேரந்தான்" என்றார் சொந்தக்கார அம்மா. அப்பா அன்று சாப்பிடவில்லை.

ஆனால் சனிக்கிழமையிலிருந்து நாலரைக்கே மோட்டார் ஓடியது. சண்டைக்குப் போன இரண்டாம் ஷிப்டுக்காரர்களிடம், "என் மோட்டாரு, என் கரண்டு" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தியாண்ணே, மக்கள் கேட்டா நடக்கும்" என்றார் சித்தப்பா. அப்பாவும் தலையாட்டினார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு மோட்டார் ஓடியதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமையிலிருந்தே, தினமும் சாயங்காலம் அம்மா ஒரு தூக்குப்போசியை என்னிடம் கொடுத்து சொந்தக்கார அம்மா வீட்டுக்கு அனுப்பினார். உள்ளே ராகிக் களி, கீரைக் கடைசல். "சித்தப்பாகிட்ட சொல்லாத" என்றார். சித்தப்பாவுக்குக் களி பிடிக்கும், பங்கு கேட்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு தடவைக்கு இரண்டு உருண்டை. முதல் முப்பது நாளில் அறுபது.