நுன்சியாவின் ஊமை மண்டையோடு

மூன்று நாளில் நேப்பிள்ஸைப் பார்த்து முடித்துவிடலாம் என்று இந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எந்தப் புண்ணியவான் சொல்கிறானோ! எரிமலைக்கு ஒரு நாள், கோட்டைகளுக்கு ஒரு நாள், எங்கள் செத்தவர்களுக்கு அரை நாள். சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு அவர்கள் சந்துக்குள் நுழையும் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மேல்மாடி நுன்சியா அக்காவின் அடுப்பு எரிந்ததே அவர்களால்தான். மகன் லுச்சானோவின் அறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

லுச்சானோ சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். நல்ல பையன். எதைக் கேட்பதானாலும் இடது காது மடலை இழுத்துக்கொண்டேதான் கேட்பான். புயலில் கப்பல் கவிழ்ந்தது. சிலர் பிழைத்தார்கள், சிலருடைய உடல் கரைக்கு வந்தது, அவனைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாமா என்று கேட்க வந்த சாமியாரை அக்கா படியோடு துரத்தினாள். "உயிரோட இருக்கறவனுக்கு யாராவது இறந்தோர் பூசை வைப்பாங்களா? இறங்குங்க சாமி!"

எங்கள் தெருக்கோடிக் கோயிலுக்கு அடியில் ஒரு குகை. எப்போதோ கொள்ளை நோயில் செத்த அநாதைகளின் மண்டையோடுகளை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெண்கள் நாங்கள் ஆளுக்கு ஒன்றைத் தத்து எடுத்துக்கொள்வோம். துடைத்து, விளக்கேற்றி, மோட்சம் போகுமுன் பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் அந்த ஆத்துமாவின் தாகம் தணியட்டும் என்று வேண்டுவோம். பதிலுக்கு அது கனவில் வந்து நாம் கேட்டதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நன்றாகத் திட்டுவோம். அப்படியும் வாய் திறக்காவிட்டால் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வோம்.

நுன்சியா அக்கா எடுத்ததோ மூலையில் கிடந்த பல்லில்லாத ஒன்று. அவளுக்கு முன்னால் பலர் வைத்திருந்து, ஊமை என்று கைவிட்டது. அதனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: என் பிள்ளை உங்கள் பக்கம் இருந்தால் வந்து சொல்.

"அந்த ஊமையை விட்டுத் தொலைக்கா," என்பேன். "என்னோடது போன மாசம்கூட வந்து பேசிட்டுப் போச்சு."

"உன்னோடது உன்னை மாதிரியே வாயாடி. என்னோடது ஒண்ணும் சொல்லலைன்னா எம்பிள்ளை அங்க இல்லைன்னு அர்த்தம். போடி வேலையைப் பாத்துக்கிட்டு."

அது ஊமை என்று தெரிந்தேதான் எடுத்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அதன் பிறகு நான் கேலி செய்யவில்லை.

போன வசந்தத்தில் ஹைக்கே என்ற ஜெர்மன்காரி கணவனோடு வந்தாள். நான் பல வருஷம் ஜெர்மனியில் தொழிற்சாலை வேலை பார்த்தவள். அதனால் அவர்கள் பேசுவதை அக்காவுக்குச் சொல்வது என் பொறுப்பு. கிளம்புகிற நாள் காலையில் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அந்தக் குகைக்குப் போனோம்," என்றாள் ஹைக்கே. "மூலையில பல்லே இல்லாத ஒண்ணு. வேர்த்த மாதிரி ஈரமா இருந்துச்சு. பாவமாப் போச்சு, கைக்குட்டையால துடைச்சு விட்டேன்."

மண்டையோடு வேர்த்தால் அந்த ஆத்துமா எதையோ சொல்லத் தவிக்கிறது என்பார்கள். அப்போது யார் துடைக்கிறார்களோ அவர்கள் கனவில்தான் அது வரும். பாவி, ஊர் பார்க்க வந்தவளுக்கு ஏன் இந்த வேலை?

"ராத்திரி ஒரு கனவு. கட்டில் கால்மாட்டுல ஒரு பையன் நிக்கறான், சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட. என்ன சொன்னான்னு புரியலை. திரும்பத் திரும்ப இப்படியே பண்ணினான்."

நான் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினேன். "நல்லாத் தூங்கினாங்களாம்க்கா. உன் காபியைப் பத்திதான் பேச்சு."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. எங்கள் சந்தில் மாடிக்கு மாடி கைச்சாடையாலேயே சண்டை போட்டு, கைச்சாடையாலேயே சமாதானம் ஆகிறவர்கள் நாங்கள். அது எனக்கு மறந்தே போயிற்று. வார்த்தையை நான் மறைத்தேன். ஹைக்கேயின் கையை யார் மறைப்பது? அவள் இடது காது மடலை இழுத்தாள். பிறகு விரல்களை மடக்கி, கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்தாள். மறுபடியும் காது, மறுபடியும் கட்டை விரல்.

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அக்கா அடுப்பை அணைக்கவில்லை.

"பொய் சொல்லாதே எர்சிலியா," என்றாள். "குடிக்கக் கேக்கறான்."

"வெறும் கனவுதானேக்கா..."

"ஊரார் பெத்த எலும்புக்கு வாராவாரம் தாகம் தீரணும்னு வேண்டினேனேடி! எம்பிள்ளைக்கு ஒரு சொட்டு... ஒரே ஒரு பூசை... அந்தச் சாமியாரைத் துரத்தினதே நான்தானே!"

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. ஹைக்கே பயந்துபோய், "நான் எதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை, உங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு," என்று சொல்லிப் பெட்டிகளோடு கீழே இறக்கிவிட்டேன். நல்ல பெண்தான். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் மேலே வந்தபோது அக்கா ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டுபோய் மகனின் கட்டில் கால்மாட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "சாமியார்கிட்டப் போ," என்றாள். "பூசை வைக்கச் சொல்லு. லுச்சானோன்னு பேரைச் சொல்லியே வைக்கச் சொல்லு."

பூசை வைத்தாயிற்று. அந்த அறையை அவள் அப்புறம் யாருக்கும் விடவில்லை. மீன் கடையில் எடுபிடி வேலைக்குப் போகிறாள். மூட்டு வலியில் அவளால் குனிய முடியாததால் தம்ளரை நிரப்பி வைப்பது இப்போது என் வேலை. காலையில் போய்ப் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். "இன்னும் அடங்கலை அவனுக்கு," என்பாள் அக்கா. கோடையில் வெயிலுக்கு வற்றியிருக்கும் என்று சொல்லிவந்தேன். இது ஜனவரிக் குளிர், ஜன்னலும் சாத்தியிருக்கிறது. நான் தம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறேன்.