ஸெய்னுதீன் மச்சானுக்கு வரவிருந்த புது நரம்பு

என் தங்கச்சி றுக்கியாவைக் கட்டியவர் என்பதால் ஸெய்னுதீன் எனக்கு மச்சான். ஆகவே அவரைப் புகழ்ந்து எழுதும் கடமை எனக்கில்லை. கிண்ணியாவில் கரைவலை இழுக்கும் இடத்தில் அவர் வலையைத் தொடமாட்டார். கரையில் நின்று, மீன் கூட்டம் எந்தப் பக்கம் வருகிறதென்று பார்த்து, தோளில் கிடக்கும் துவாயை வீசிக் காட்டுவார். தோணிக்காரர் அந்தப் பக்கம் வலையை வளைப்பார்கள். முப்பது வருடமாக இதுதான் உத்தியோகம். தன் கண்ணின் பெருமையை அவர் பேசத் தொடங்கினால் மீனே அலுத்துப்போய்க் கரைக்கு வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் கதவு நிலையில் இடிபடத் தொடங்கினார். குற்றம் நிலையுடையது. பிறகு கதிரை குறுக்கே வந்தது. அதற்கு றுக்கியா ஏச்சு வாங்கினாள். கடைசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு திருகோணமலைக்குக் கண் டாக்டரிடம் போனேன். கண்ணுக்குள் பிரஷர் கூடி விழித்திரை நரம்புக் கலங்கள் செத்துக்கொண்டிருப்பதாக டாக்டர் சொன்னார். ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றக் காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு மருந்து.

"பிரஷர் எனக்கில்ல டாக்டர், என்ட மனுசிக்குத்தான்" என்றார் மச்சான்.

எப்படியோ கொஞ்சக் காலம் மருந்து விட்டார். அதைக் கெடுத்தது விஞ்ஞானம். மச்சானின் மகள் அப்ரா மலேசியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். எதுவாகவும் மாறக்கூடிய மூலக்கலங்களை எடுத்து, அவற்றைக் கண் நரம்புக் கலங்களாக வளர்ப்பது அவள் வேலை. அதை அவள் ஒருநாள் தொலைபேசியில் வாப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினாள்.

"மைக்ரோ ஆர்.என்.ஏ எண்டு சின்னத் துண்டுகள் இருக்கு வாப்பா. அது தானா ஒண்டையும் கட்டாது. கலத்துக்குள்ள வாற கட்டளைகள்ல எதை வாய மூட வைக்கிறது எண்டுதான் பார்க்கும். சரியான நேரத்தில சரியான துண்டு கூடினாத்தான் மூலக்கலம் கண் நரம்பாகும். பிழைச்சா வேற என்னவோ ஆகிடும்."

எங்கள் குடும்பத்தில் அந்த வாய் மூட வைக்கும் வேலையை றுக்கியா பார்க்கிறாள். மச்சானுக்கு அவ்வளவும் விளங்கவில்லை. மகள் நரம்பு செய்கிறாள் என்பது மட்டும் விளங்கிற்று. அடுத்த நாள் கரை முழுக்கச் செய்தி போனது: "மலேசியாவில இருந்து எனக்குப் புது நரம்பு வருது." சவர்க்காரத்தோடும் சொக்லேட்டோடும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்புவாள் என்ற நினைப்பு.

அந்த நேரம் பார்த்து நோன்பு வந்தது. மருந்து தொண்டையில் கசக்கிறது, நோன்பு முறிந்துவிடும் என்று புதிதாக எடுத்த போத்தலின் மூடியை உடைக்காமலே வைத்துவிட்டார். மௌலவியிடம் கேளுங்கள் என்றேன், கேட்கவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று, கச்சிதமாக வருகிறதே என்றேன். நான் மார்க்கம் தெரியாதவனாம். முப்பது நோன்பும் முடிந்து, பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பும் முடிந்தது. போத்தல் பிரிட்ஜில் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் சுகமாகக் குடியிருந்தது. புது நரம்பு வரும்போது பழையதை எதற்குப் பராமரிப்பது?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன், இடப்பக்கம் கடல் கறுத்து மீன் துள்ளியது. தேத்தண்ணிக் கடையில் இருந்த எனக்கே தெரிந்தது. மச்சான் துவாயை வலப்பக்கம் வீசினார். வலை வெறுமையாக வந்தது. இழுத்தவர்கள் வலையை மடித்துக்கொண்டு போனார்கள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெருநாளன்று அப்ரா வீடியோவில் வந்தாள். புதுச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆய்வுகூடத்தில் நின்றாள்.

"பெருநாளண்டும் லீவு இல்லையா மகள்?"

"ஏலாது வாப்பா. இந்தக் கலங்களுக்குச் சாப்பாடு மாத்தோணும். விட்டாச் செத்திடும்."

"அது கிடக்கட்டும். என்ட நரம்பு எப்ப வரும்?"

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு வராது வாப்பா. இது இன்னும் தட்டுக்குள்ளதான் வளருது. ஆக்கள்ட கண்ணுக்குள்ள வைக்க எத்தனை வருசமோ, ஆருக்கும் தெரியாது. நீங்க மருந்து விடுறீங்கதானே?"

மச்சான் கூரையைப் பார்த்தார். றுக்கியா குசினிக்குப் போய்ப் போத்தலைக் கொண்டுவந்து தொலைபேசிக்கு முன் பிடித்தாள். அதன் மூடி இன்னும் உடைபடவில்லை.

அப்ரா அழுதுவிட்டாள். "இது ஆர்ட கலமெண்டே எனக்குத் தெரியாது. பெருநாளண்டும் வந்து பார்க்கிறன். நீங்க உங்கட சொந்தக் கண்ணைப் பட்டினி போட்டிருக்கிறீங்களே வாப்பா."

மச்சான் அன்று சோறு தின்னவில்லை.

அடுத்த கிழமை டாக்டர் சோதித்தார். வலது கண்ணில் நடுப்பார்வை மிஞ்சியிருந்தது. ஒழுங்காக மருந்து விட்டால் அது நிற்கலாம். இடது கண் முடிந்துவிட்டது. அதற்கு இனி மருந்து வேண்டாம் என்றார்.

துவாய் இப்போது வேறொருவர் தோளில். மச்சான் மற்றவர்களோடு நின்று கயிறு இழுக்கிறார், இழுக்கும்போது கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. தினமும் மாலையில் அப்ரா தொலைபேசியில் வருவாள்.

"மருந்து விட்டாச்சா வாப்பா?"

"விட்டனான் மகள். உன்ட ஆக்கள் சாப்பிட்டாச்சா?"

நேற்று நான் அங்கே இருந்தேன். மச்சான் வலது கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டார். பிறகு தலையை மற்றப் பக்கம் சாய்த்து, இமையை விரலால் இழுத்துப் பிடித்து, இடதுக்கும் ஒன்று விட்டார்.

"காக்கா, அந்தக் கண்ணுக்கு வேணாமெண்டுதானே டாக்டர் சொன்னவர்?" என்று றுக்கியா அண்ணனான என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

விடட்டும் என்றேன்.