மதகுக்கு அடியிலிருந்து என் கணவரைத் திருப்பித் தந்த அரங்கன்

போன பங்குனியில் என் கணவர் காணாமல் போனார். லால்குடிக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில், அவருக்கே எடுத்த பாராட்டு விழாவில். மறுநாள் காலை வரை ஆள் எங்கே என்று தெரியவில்லை. அந்த அலைச்சலையும் அரங்கன் செய்த உதவியையும் அவனை நம்பும் உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவர் பெயர் செல்வராசு. எல்லையில், பனிமலையில் நடந்த சண்டையில் அடிபட்ட இரண்டு பேரைத் தோளில் தூக்கி வந்தவர். அதற்காகப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். அவர் நிம்மதியாகத் தூங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தீபாவளி வந்தால் கே.கே. நகர் வீட்டில் ஜன்னலையெல்லாம் அடைத்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்திருப்பார். கேட்பவர்களிடம், "அவருக்குப் புகை ஒத்துக்காதுங்க" என்பேன். பட்டாளத்துக்காரர் வெடிக்குப் பயப்படுகிறார் என்று எப்படிச் சொல்வது? மானம் போய்விடாதா?

விழாவுக்கு முதல் நாள் என் கொழுந்தன் குமார் போன் செய்தார்.

"அண்ணி, பத்தாயிரம் வாலா வாங்கியாச்சு. அண்ணன் கார்ல இருந்து இறங்குனதும் கொளுத்திடுவோம்."

"வெடியெல்லாம் எதுக்கு தம்பி?"

"வெடி இல்லாம வரவேற்பா? ஊரே சிரிக்கும் அண்ணி."

"சரி தம்பி" என்று போனை வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன மானம் வாயை அடைத்துவிட்டது.

சரம் அவர் காலடியிலேயே வெடித்தது. கழுத்தில் மாலையோடு ஓடினார். வேடிக்கை என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். புகை அடங்கியபோது ஆளைக் காணவில்லை. வயல், தோப்பு, ரயில் நிலையம் என்று தேடினோம். போலீசிலும் சொன்னோம். கொள்ளிடத்துப் பக்கம் தேடலாமா என்று யாரோ கேட்டார். உயிரோடு இருப்பாரா என்ற நினைப்பே எனக்கு அப்போதுதான் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். தர்ம தரிசன வரிசையில் நின்றேன். எனக்குப் பாசுரமெல்லாம் தெரியாது. சந்நிதிக்கு முன்னால் போனதும் சண்டைதான் வந்தது. "நீ மட்டும் நல்லாப் படுத்துத் தூங்குறியே ரங்கா! என் மனுசன் தூங்கி எத்தனை வருசம் ஆச்சு, தெரியுமா உனக்கு? அவரை உசுரோட குடு. இனிமே எதையும் மறைக்க மாட்டேன்."

"நகருங்கம்மா, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து, கொடுத்து வைத்திருந்த போனை வாங்கிப் பார்த்தால் குமார் ஏழு முறை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணி, அண்ணன் கிடைச்சுட்டாரு. நல்லா இருக்காரு." நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆடு மேய்க்கும் தனம் என்ற பெண்தான் காலையில் அவரைப் பார்த்திருக்கிறாள். ஊருக்கு வெகுதூரம் தள்ளி, தண்ணீர் வற்றிய வாய்க்காலில், மதகுக்கு அடியில் சுருண்டு கிடந்திருக்கிறார். அவள் கூச்சல் போடவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "வெடி நின்னுடுச்சுங்க, இனிமே போட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவராகவே வெளியே வந்து அவள் தூக்குவாளிக் கஞ்சியைக் குடித்தாராம். எப்படிப் புரிந்தது என்று அவளிடமே கேட்டேன்.

"எங்க நாய் தீவாளிக்கு இப்படித்தாங்க எங்கியாவது பூந்துக்கும்."

எத்தனை பேர் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள்! ஒருவருக்கும் தோன்றாதது நாய் வளர்த்தவளுக்குத் தோன்றியது. அவளை அந்த வாய்க்கால் பக்கம் அனுப்பியது அரங்கன்தான். வேறு யார்?

வேண்டிக்கொண்டபடி எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். "வெடிக்குப் பயந்த பட்டாளத்தான்" என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த மலையில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். இப்போது மனநல டாக்டரிடம் போகிறோம். மதியத்தில் இரண்டு மணி நேரம் அசந்து தூங்குகிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரங்கனுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு நேரம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உனக்குத்தான் தெரியுமே. நீ ஏன் சொல்லல?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்பர்களே, அரங்கனை நம்புங்கள். திட்டிக் கேட்டாலும் தருகிறான். ஆனால் உங்கள் மனிதருக்காக வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறந்துவிட்டு அவனிடம் போங்கள். என் கணவரை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவனாலும் எனக்கு உதவ முடியவில்லை.