வண்டியில்லாத நாலு டயர்கள்

எங்கள் வீட்டுக் கராஜின் மூலையில் நாலு டயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடி கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்றால் எழுதிய என் கையெழுத்து: முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். எந்த வண்டிக்கு முன், எந்த வண்டிக்குப் பின் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு வண்டி இல்லை. அது பழைய இரும்பாகி எத்தனையோ காலம். டயர்களின் சொந்தக்காரரும் இந்த நாட்டில் இல்லை. ஆனாலும் வீடு மாறிய ஒவ்வொரு தடவையும் அவற்றைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கடைசியாக மொன்றியலில் இருந்து ஆற்றைத் தாண்டி புரோசார்ட்டுக்கு வந்தபோது, லொறியில் சாமிப் படத்துக்கு அடுத்ததாக ஏறியவை இவைதான். "எங்கட வீட்டில சீதனம் கொண்டு வந்தது இவர். நாலு டயர்" என்று என் மனைவி வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

அவற்றை வாங்கியவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. பார்க் எக்ஸ்டென்ஷனில் அடித்தள வீடு ஒன்றில் எங்களில் சிலர் ஒன்றாக இருந்தோம். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட. பருத்தித்துறையில் மனைவியையும் சின்ன மகளையும் விட்டுவிட்டு வந்தவர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ பக்கம் இருந்த பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். அங்கே காலை வேலை முதல் பஸ் ஓடுவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே அண்ணையின் பழைய கார் இல்லாவிட்டால் அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் அகதிகளாக வந்தவர்கள், ஊரில் பட்டதும் ஏறத்தாழ ஒன்றுதான். என்னை ஏற்றுக்கொண்டார்கள். அவரை முதல் விசாரணையில் மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தார். என்னிடம் இருந்தது என்ன, அவரிடம் இல்லாதது என்ன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

கியூபெக்கில் டிசம்பர் வந்துவிட்டால் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்ட முடியாது. பொலிஸ் மறித்தால் தண்டம். அந்த வருடம் அண்ணையின் பழைய குளிர்கால டயர்கள் நாலும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. நவம்பர் மாதம் முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதே கதைதான். புதிதாக வாங்குவதா, ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் தாக்குப்பிடிக்கிற பழையதைத் தேடிப் பிடிப்பதா? "புதுசு எண்டால் அஞ்சு விண்டர் ஓடும், தம்பி. நான் அஞ்சு மாசம் இருப்பனோ தெரியாது" என்பார். அடுத்த நாள் தானே மாற்றிப் பேசுவார்: "பழசைப் போட்டால், நான் போகப்போறன் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி எல்லே?" சோற்றைக் கறியோடு பிசைந்தபடியே இருப்பார், சாப்பிட மாட்டார். வெளியே இருந்து பார்த்தால் ஒரு மனுசன் டயருக்கு இவ்வளவு யோசிக்கிறானே என்று தோன்றும். அவர் யோசித்தது டயரைப் பற்றி மட்டும்தானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் டயர் கடைக்குப் போனோம். அங்கே நின்றவன் தாடி வைத்த, வாய் நிறையச் சிரிக்கிற மனிதன். கை இரண்டும் கறுப்பு மை பூசியதுபோல் இருந்தன. எங்களைக் கண்டதும் "போன்ஜூர், மொன்னமி!" என்று தோளில் தட்டினான். புதியதையும் காட்டினான், பழையதையும் காட்டினான். பிறகு பிரெஞ்சில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டான்: "எத்தனை குளிர்காலம் ஓடப்போகிறாய்?"

அண்ணைக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று பார்க்கவில்லை. பதிலுக்காகப் பார்த்தார். கடைக்காரன் ஒன்றும் விளங்காமல் சிரித்தபடி காத்துக்கொண்டு நின்றான். வெளியே தூற்றலாய்ப் பனி விழத் தொடங்கியிருந்தது. அண்ணை ஜன்னலால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, புதிய டயர்களில் கையை வைத்தார். "இதைப் பூட்டச் சொல்லு தம்பி. வாறது வரட்டும்" என்றார். அண்ணை அவ்வளவு உற்சாகமாக ஒரு முடிவு எடுத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியில், சக்கரத்துக்குக் கீழே வைத்து நசிக்க நாலு தேசிக்காயும் கற்பூரமும் வாங்கினார். புது வண்டிக்குச் செய்கிற மாதிரிப் புது டயருக்கும் முருகன் கோயிலில் ஒரு பூசை செய்துவிட வேண்டுமாம். டயருக்குப் பூசை எங்கே நடந்தது என்று கேட்டேன். "வண்டி பழசுதான். கால் புதுசெல்லோ" என்றார்.

ஊரில் இருந்து வந்து இத்தனை வருடமாகியும் எங்களுக்கு உறைக்காத ஒன்று அன்று நடந்தது. தேசிக்காய்ப் பையை அண்ணை காரின் பின்பெட்டியிலேயே விட்டுவிட்டார். இரவு முழுக்க அது அங்கேயே கிடந்தது. மறுநாள் காலை கோயில் வளவில் எடுத்துப் பார்த்தால் நாலும் கல். ஐயர் வேட்டிக்கு மேல் முழங்கால் வரை ஒரு குளிர்ச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, காலில் பூட்ஸ் என்று நின்று மந்திரம் சொல்லி, சக்கரத்துக்கு ஒன்றாய் வைத்தார். அண்ணை வண்டியை எடுத்தார். டக் என்று ஒரு சத்தம். வண்டி தேசிக்காயில் ஏறி இறங்கியது. தேசிக்காய் அப்படியே இருந்தது. "பின்னால எடுத்து ஒருக்கா வாங்கோ" என்றார் ஐயர். இரண்டாம் தடவை மூன்று வெடித்தன. நாலாவது, சக்கரத்துக்குக் கீழிருந்து தெறித்துப் போய் ஐயரின் பூட்ஸில் அடித்து நின்றது. ஐயர் அதைக் குனிந்து பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "முருகன் காப்பாத்துவார். நீங்கள் போங்கோ, குளிருது" என்று உள்ளே நடந்துவிட்டார்.

சிரிப்பை அடக்க முடியாமல் நான் காருக்குள் குனிந்துகொண்டேன். அண்ணை இறங்கிப் போய், நசியாத அந்தத் தேசிக்காயை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் இருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அது நல்ல சகுனம் இல்லை என்று முகத்தைச் சுளித்தார். அண்ணை அதைக் காதில் வாங்கவில்லை. தேசிக்காய் இளகியதும் வெட்டிப் பிழிந்து, சுடுதண்ணியில் சீனி போட்டுக் கலக்கி எனக்கும் ஒரு கோப்பை தந்தார். "சாமிக்கு வேண்டாமெண்டால் நாங்கள் குடிப்பம். குளிருக்குள்ள அதுதான் என்ன செய்யும், பாவம்." அந்தப் புளிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

தை மாதம் மேன்முறையீட்டுக்கும் இல்லை என்று முடிவு வந்தது. நாடு கடத்தும் நாள் பங்குனியில் என்று சொன்னார்கள். படித்தவன்தான் நான், ஆனாலும் சில நாட்கள் அந்தத் தேசிக்காயை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். எங்கேயோ ஒரு சூடான அறையில் இருந்து முடிவு எழுதியவருக்குத் தேசிக்காயைப் பற்றி என்ன தெரியும்? அண்ணை ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. கடைசி வாரத்திலும் என்னை எழுப்பி, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, நெடுஞ்சாலையில் வலது பக்கமாக மெதுவாக ஓட்டிப் போனார். போகிற நாளன்று அவரே காரை விமான நிலையத்துக்கு ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஒரு வண்டி வழுக்கி ஓரத்தில் போய் நின்றது. அண்ணை பிரேக்கை அமத்தினார். எங்கள் கார் நேராக, அலுங்காமல் நின்றது. "நல்லாப் பிடிக்குது என்ன, தம்பி?" என்றார். அந்தப் பயணம் முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான். விமான நிலையத்துக்குள் அதிகாரிகள் காத்திருந்தார்கள். சாவியை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். அப்போதுதான் நான் லைசன்ஸ் எடுத்திருந்தேன். பனியில் தனியே ஓட்டியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். வண்டி ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.

அந்த வசந்தத்தில் காரின் கியர்பெட்டி போய்விட்டது. அண்ணையிடம் போனில் சொன்னேன். "காரை இரும்புக்குக் குடு. டயர் நாலையும் கழட்டி வை. வரேக்க வேணும்" என்றார். பிறகு, "எது எங்க இருந்ததெண்டு எழுதி வை. மாறிப் பூட்டினால் பேந்து வண்டி ஆட்டும்." காரே இல்லாமல் போகிறபோது எது எங்கே இருந்தால் என்ன என்று எனக்குள் நினைத்தேன். ஆனாலும் பெயின்ற் வாங்கி வந்து, அழிந்து போகாதபடி எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மொன்றியலில் முதல் பனி விழுந்த செய்தியை எப்படியோ அறிந்து, இங்கே காலையாகும் நேரம் பார்த்துப் போன் எடுப்பார். ஊரில் அப்போது மாலையாக இருக்கும். "கொட்டத் தொடங்கிட்டுதாம்? டயர் கிடக்கோ?" "கிடக்கு அண்ணை." பிறகுதான் மற்றக் கதை. ஒரு லோயர் சொன்ன வழி, வேறு ஒருவர் சொன்ன வழி, இந்த முறை சரிவரும், வாற வருசம் கட்டாயம். எனக்குக் கலியாணம் நடந்தது, குடியுரிமை கிடைத்தது, மகள் பிறந்து இப்போது பிரெஞ்சில் என்னைத் திருத்துகிறாள். டயர் கிடக்கோ என்ற கேள்விக்கு மட்டும் நான் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் வந்து போன கார்கள் எதற்கும் அந்த டயர்களின் அளவு பொருந்தவில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போன வருடம் வாங்கிய காருக்கு மட்டும் அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. இந்த நவம்பரில் அந்தக் காரோடு வந்த பழைய குளிர்கால டயர்கள் தேய்ந்துபோனபோது மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, அதுகளைப் பூட்டுங்கோவன். ஒரு குளிர்தானே ஓடினது. சும்மா கிடந்து என்ன செய்யுது?" அவள் கேட்டது நியாயம். பூட்டினால், அவர் வருகிறபோது கொடுக்க ஒன்றும் இராது. பூட்டாமல் புதிது வாங்கினால், அவர் வருவார் என்று நானும் இன்னும் நம்புகிறேன் என்றாகும். நம்புகிறேனா? இரண்டு வாரம் கராஜுக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். அண்ணையின் நோய் என்னையும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நாலையும் காரில் ஏற்றி டயர் கடைக்குக் கொண்டுபோனேன். வேறு கடை, வேறு மனிதன். அவன் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தான். பள்ளமெல்லாம் ஆழமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது என்றான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயது போகும், இனிப் பனியில் இது பிடிக்காது. புதியவற்றைக் காட்டிவிட்டு அவனும் அதே கேள்வியைக் கேட்டான், எத்தனை குளிர்காலம் ஓடப்போகிறேன் என்று. "நிறைய" என்று யோசிக்காமலே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட சொல் என்று உறைத்தது. பழையவற்றை எறிந்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று திரும்பக் கொண்டுவந்து அதே மூலையில் அடுக்கினேன். சொந்தக்காரர் இருக்க நான் எப்படி எறிவது?

அடுத்த வாரம் முதல் பனி விழுந்தது. காலையில் போன் அடித்தது. ரப்பர் இறுகிவிட்டதைச் சொல்வதா, இல்லாவிட்டால் வழக்கம்போல் கிடக்கு என்று சொல்வதா என்று யோசித்தபடியே எடுத்தேன். அண்ணை ஊரில் மழை என்றார். மனைவிக்குக் கால் உளைவு என்றார். மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இரவிரவாக அழுகிறான் என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் ஊரை விட்டு வந்தபோது இன்னும் பள்ளிக்கூடம் போகாத அந்த மகள். பேரனின் குரலைக்கூட எனக்குக் கேட்கப் பண்ணினார். "அப்ப வைக்கட்டே, தம்பி?" என்றார்.

டயரைப் பற்றி அவர் கேட்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணை, டயர் கிடக்கு" என்றேன்.

"என்ன டயர்?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்லச் சிரித்தார். "ஓ, அதோ... இன்னும் வைச்சிருக்கிறியே? விசரா. எறிஞ்சு விடு." கொஞ்சம் விட்டு, "நல்லாப் பிடிச்சது, என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. நல்லாப் பிடிச்சது."

சனிக்கிழமை நாலையும் ஏற்றிக்கொண்டு நகரசபையின் கழிவு சேர்க்கும் இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற பெடியன் ஒவ்வொன்றாக உருட்டிக் குவியலில் சேர்த்தான். கடைசியாகப் போனது முன் இடம். எழுத்து மேலே தெரிய விழுந்தது. இது என்ன மொழி என்று கேட்டான். தமிழ் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. குளிர்ந்தது, போய்விட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தபோது கராஜின் மூலையில் தரை ஒரு வட்டத்துக்கு மட்டும் தூசி இல்லாமல் இருந்தது. மகள் வந்து தன் சைக்கிளை அதில் நிறுத்திவிட்டுப் போனாள். அடுத்த வருடம் முதல் பனி விழும்போது அண்ணை போன் எடுப்பாரோ தெரியாது. எடுத்தாலும் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை, கிடக்கு என்று சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.