துளி வாயில் போட்டாலும் பிரசாதம்தான்

கல்பனா மேடம் இன்று காலை போய்விட்டார். மாரடைப்பு என்கிறார்கள். நேற்று மாலைகூட என் பேத்தி நிவேதாவிடம் போனில் பேசினார்...

டயட்டீஷியன். பதினேழு வயது நிவேதாவை எடை குறைக்கும் ஆபரேஷனுக்குத் தயார் செய்தவர். படுத்தால் மூச்சு முட்டும் பிள்ளை அவள். சர்க்கரையும் வந்துவிட்டது.

வீட்டிலேயே எதிர்ப்பு. "தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்டுறாங்களே, அங்க கூடமாட நடந்தா தானா இளைச்சிடும். வயித்துல எதுக்குப்பா கத்தி?" என்றான் என் சின்ன மகன். அவனோடு நான் பேசுவதில்லை.

மேடத்தோடும் சண்டைதான். முதல் நாளே என்னை வெளியே அனுப்பினார். "அவ வேணும்னு சொல்லட்டும் ஐயா. நீங்க சொல்லக் கூடாது."

செல்போனில் எவ்வளவோ படித்துக்கொண்டு போயிருந்தேன். கேட்க ஆளில்லை.

ஆபரேஷனுக்கு முன்பே எடை இறங்க வேண்டும், ஈரல் சுருங்க வேண்டும் என்பார். ஒரு மாதம் எடை ஏறிவிட்டது.

"வீட்ல என்ன குடுக்குறீங்க?"

"நீங்க சொன்னதுதான். கூட கோயில் இட்லி மட்டும். அது பிரசாதம், சாப்பாட்டுல சேராது."

நிவேதா தலை குனிந்துகொண்டாள். மேடம் கோபப்படவில்லை. "பிரசாதம்னா எவ்ளோ சாப்பிடணும் ஐயா?"

"அதுக்கு அளவு ஏதுமா? ஒரு துளி வாயில போட்டாலும் பிரசாதம்தான்."

"அப்ப துளி குடுங்க."

நிவேதா வாய்விட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குள் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு துளிதான். மிச்சத்தைத் தின்று எனக்குத்தான் தொப்பை. தோற்றதாக மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்... துளி என்று முதலில் சொன்னது நான்.

மெதுவாக மென்று தின்னவும், தண்ணீரைச் சிறு சிறு மிடறாகக் குடிக்கவும் பழக்கினார். எடை இறங்கியது. பிள்ளை நின்று நின்று ஏறாமல் மாடி ஏறுகிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மேடம் போன சேதி கேட்டுச் சின்ன மருமகள் வந்தாள். "சகுனம் சரியில்ல மாமா. தள்ளிப் போட்டுடலாம்."

நானும் காலண்டரைப் பார்த்தேன்.

அழுதுகொண்டிருந்த நிவேதா முகத்தைத் துடைத்தாள். "மேடம் போய்ட்டாங்க, டாக்டர் இருக்காரு சித்தி. நான் ஆபரேஷனுக்குப் போறேன்."

அவள் போகிறாள், மேடம். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.