எட்டாவது தடை

இரவல் ஷூவின் முனையில் பஞ்சைத் திணித்து ஓடி மண்டலப் போட்டியில் தங்கம். ஐந்தாவது தடையில் முட்டி கிழிந்தும் நிற்காமல் ஓடி பல்கலைக்கழகப் போட்டியில் வெள்ளி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தத் தாவல்?" என்று கேட்ட பெரியப்பாவே சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலையோடு வந்து நின்ற மாநிலப் பதக்கம். தொட்டியம் ஜோதி ஜெயித்ததை அவள் அண்ணன் மருதை இந்த வரிசையில்தான் சொல்வான். வரிசை மாறிவிட்டால் முதலிலிருந்து தொடங்குவான்.

கல்லூரி மூன்றாம் ஆண்டில் தொடைத் தசை கிழிந்தது. ஓட்டம் அதோடு சரி. இப்போது திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மன்னார்புரத்தில் பஸ் பிடிக்க விரைந்தாலும் காலடி எட்டை எண்ணித்தான் வைப்பாள். நடுவர் தேர்வில் தேறி இரண்டு வருடம் ஆகியும், போட்டிகளில் விழுந்த தடைகளை நிமிர்த்தும் வேலைதான் அவளுக்கு. "இந்தத் தடவை பார்த்துட்டு நடுவர் லிஸ்ட்ல சேர்க்கலாம்மா" என்றிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் நூறு மீட்டர் தடை ஓட்ட இறுதிச்சுற்று. வாழைப்பழச் சீப்புகளோடு வந்த மருதை கயிற்றுக்கு வெளியே நின்றான். தலைமை நடுவர் பிச்சமுத்து சார் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கத் துப்பாக்கியைத் தூக்கினார். ஜோதி ஓடுபாதைக்குள் பாய்ந்தாள்.

"ஏம்மா, மூளை இருக்கா?" பிச்சமுத்து சார் கத்தினார்.

"சுடாதீங்க சார்! எட்டாவது வரிசை தள்ளி நிக்குது. நடுவுல மூணு எட்டு வச்சா பத்தாது, பிள்ளைங்க மோதிக்கும்."

அளவைச் சரிபார்த்திருந்த தைரியராஜ் சார் சிரித்தார். "கட்டை தூக்குறவங்க எல்லாம் எங்களுக்கு அளவு சொல்றீங்களா? நான் கையெழுத்தே போட்டுட்டேன்."

"தப்பா இருந்தா இனிமே என்னைக் கூப்பிடவே வேணாம். இப்ப டேப் எடுங்க சார்."

மருதை, 'போச்சு, இன்னையோட எல்லாம் போச்சு' என்று கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஜோதியே குனிந்து டேப்பைப் பிடித்து அளந்தாள். இரண்டு அடி கூடுதல்! முந்தின நாள் மழையில் அழிந்த சுண்ணாம்புக் கோட்டை மறுபடி போட்டவர்கள், அந்த ஓரிடத்தில் மட்டும் ஆண்கள் ஓட்டத்துக்கான இடைவெளியை அளந்திருந்தார்கள்.

"அடிச்சா பாரு என் தங்கச்சி!" மருதை போட்ட சத்தத்தில் ஓட நின்ற பெண்களே திரும்பிப் பார்த்தார்கள்.

வரிசையை நகர்த்தினார்கள். துப்பாக்கி வெடித்தது. எட்டுப் பெண்களும் எட்டாவது தடையை ஒரே அலையாகத் தாண்டினார்கள். ஒரு கட்டைகூட விழவில்லை. மைதானமே எழுந்து கத்தியது.

பிச்சமுத்து சார் சரிபார்ப்புத் தாளில் இருந்த தைரியராஜ் சாரின் கையெழுத்தை அடித்துவிட்டு, ஜோதியின் பக்கம் நீட்டினார். "அளந்தது நீதானே? நீயே போடும்மா."

சுண்ணாம்புக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். 'நடுவர்' என்ற இடத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதி, கீழே தேதியும் போட்டாள்: 17.8.2024.