ரூபனைப் பார்க்கச் சிஞ்ஞோரா வந்த நாள்

எழுத்துப் பிழைகளுக்கு முதலே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஊருக்குக் கடிதம் எழுதிய கைதான் இது, வேறொன்றும் எழுதிப் பழகவில்லை. மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய், ஏன் வந்தேன் என்று நிற்கிற ஆள். முன்னுக்குப் பின்னாக வந்தால் நீங்களே எடுத்து அடுக்கிக்கொள்ளுங்கள்.

போன கிழமை இங்கே பலெர்மோவில் பொலிதேயாமாச் சதுக்கப் பக்கம் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளம் தாய் பிள்ளைப் பவுடர் டின்னைத் திறந்து மணந்து பார்த்தாள். அந்த மணம் பட்டதும் எனக்கு முகமெல்லாம் சுட்டது. மற்றவர்களுக்கு அது குழந்தை மணம். எனக்கு அது எண்பது தாண்டிய ஒரு கிழவரின் மணம்.

பணக்கார லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின், அந்த இத்தாலிய எசமானியின், தகப்பன் அவர். படுத்த படுக்கை. அவரைத் தூக்கிக் கழுவித் துடைத்து, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, அந்தப் பவுடரைப் போட்டுவிடுவது ரூபன். சமையலும் துப்புரவும் நான்.

தொண்ணூறுகளில் பலெர்மோவில் இருந்த தமிழருக்கு ரூபன் யாரென்று சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி ஒன்றின் உதைபந்தாட்டக் கப்டனாக இருந்தவன். இங்கே வந்த பிறகும் எல்லாருக்கும் அவன் கப்டன்தான். ஆனால் கிழவரைக் கழுவும் ரூபனை ஒருவருக்கும் தெரியாது. பொலிதேயாமாவில் ஒரு நொத்தாரிசு கந்தோரில், உறுதி எழுதும் இடத்தில், மேசை வேலை என்று சொல்லி வைத்திருந்தான். காலையில் மினுக்கிய சேர்ட்டோடு தன் அறை இருந்த கபோச் சந்தையிலிருந்து புறப்படுவான். சிஞ்ஞோரா வீட்டுக் குசினிக்குள் வந்து அதைக் கழற்றி, என் ஏப்ரனுக்குப் பக்கத்தில் கொழுவுவான்.

"அக்கா, வெளியிலை ஒண்டும் கதையாதேங்கோ," என்று ஒருநாள் சொன்னான்.

"நான் ஆரோடை தம்பி கதைக்கிறன்?" என்றேன். உண்மைதான். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டாலே எங்கடையவரின், என் புருசனின், முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லீவு. துறைமுகத்துக்குப் பின்னால் கல்லும் புழுதியுமாக ஒரு வெளி இருந்தது. ஆண்கள் விளையாடுவார்கள். பெண்கள் றோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு போவோம். எனக்கு இன்றைக்கும் பந்து விளையாட்டின் சட்டம் தெரியாது. எங்கடையவர் துள்ளினால் நல்லது நடந்திருக்கிறது, தலையில் கை வைத்தால் கெட்டது நடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ரூபனிடம் பந்து போனால் நானும் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். கிழவரைப் புரட்டும்போது எவ்வளவு மெல்ல அசைவானோ, அந்த மெதுவை அங்கே காண முடியாது.

ஒரு ஞாயிறு எதிர்ப்பக்கத்தில் அன்ரன் என்று மன்னார்ப் பெடியன் ஒருவன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். மரக்குற்றி மாதிரி உடம்பு. இரண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடி வந்தார்கள். காய்ந்த மட்டை முறிந்த மாதிரி ஒரு சத்தம். ரூபன் விழுந்தான்.

"நடிக்கிறான்! எழும்படா கப்டன், படம் முடிஞ்சுது!" என்று எதிர்ப்பக்கத்தார் கை தட்டினார்கள். கால் வளைந்து கிடந்ததைக் கண்ட பிறகுதான் கைதட்டல் நின்றது. உடனே எங்கள் பக்கத்தார் அன்ரன்மேல் பாய்ந்தார்கள்.

"டேய், உன்ரை காலை முறிச்சு அடுப்பிலை வைக்கிறன் பார்!" என்று எங்கடையவர் தன் சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். அது அன்ரனுக்குப் படாமல் மதிலுக்கு அப்பால் போய்விட்டது. ரூபனை ஒரு காரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற மனுசனை நான் பஸ்ஸில் கூட்டி வந்தேன். எதிரே இருந்த கிழவிகள் அவருடைய காலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இவரை எனக்குத் தெரியாது என்கிற முகத்தோடு இருந்தேன்.

ரூபனுக்குத் தொடைவரை மாக்கட்டுப் போட்டு விட்டார்கள். கபோவில் மீன்காரருக்கு மேலே இருந்த ரூபனின் அறை பின்னேரமானால் திருவிழாதான். ஆட்டெலும்பு சூப், அவித்த முட்டை, நல்லெண்ணெய், விபூதி. மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி வருகிறோம் என்று, இந்தப் பட்டணத்தைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி. அவன் கல்லூரியில் அடித்த கோல்களை அவனுக்கே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். அன்ரனை மட்டும் உள்ளே விடவில்லை. ஒரு பை தோடம்பழத்தோடு அவன் படிக்கட்டில் நிற்பான். பழத்தை வாங்கிக்கொண்டு ஆளைத் துரத்துவார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் நோயில் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ, தன் இடத்தில் இன்னொரு தமிழரை நிறுத்திவிட்டுத்தான் போவார். வெறுமையாக விட்டால் வேறு யாரும் வந்துவிடுவார்கள். வேலை போனால் இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெசோ, புதுப்பிப்பதும் கரைச்சல். ரூபன் ஒருவரையும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பான்? கந்தோருக்கு ஆள் வேணும் என்றா?

நான்கைந்து நாள் கிழவரைச் சிஞ்ஞோராவும் நானுமாகப் புரட்டினோம். எங்களால் முடியவில்லை. கிழவரும் ரூபன் எங்கே என்று கேட்டுச் சாப்பிட மறுத்தார். "என்னை அவனிடம் கூட்டிப் போ," என்றாள் சிஞ்ஞோரா. வேண்டாம், அறை சின்னது, படி இருட்டு, மீன் நாற்றம் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்போடு வந்தாள்.

அறை நிறைய ஆட்கள். எங்கடையவரும் இருந்தார். எல்லாரும் எழும்பி வழி விட்டார்கள். "கப்டன்ரை கந்தோர்ச் சிஞ்ஞோரா போலை," என்று யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. ரூபன் என்னைப் பார்த்தான். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

சிஞ்ஞோரா கட்டிலில் அவன் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். பிறகு எல்லாரையும் பார்த்துப் பேசத் தொடங்கினாள். இவனுடையது தங்கக் கை. என் அப்பாவைக் குழந்தை மாதிரிக் கழுவுகிறான். பம்பர்ஸ் மாற்றுகிறான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. விளங்காதவர்களுக்காகக் கையாலும் செய்து காட்டினாள், தூக்குவதை, துடைப்பதை, பவுடர் போடுவதை. பாவம், புகழத்தான் புகழ்ந்தாள். ரூபன் மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்களில் யார் அவன் இடத்துக்கு வருவீர்கள்?" என்று கேட்டாள்.

 அந்த அறையில் நின்றவர்கள் யார்? ஒருவர் பள்ளிக்கூடக் கக்கூஸ் கழுவுகிறவர். ஒருவர் சிஞ்ஞோரா ஒருத்தியின் நாய்க்குத் தலை வாருகிறவர். எங்கடையவர் மாடிப்படி கூட்டுகிறவர், ஊருக்கு எழுதுவது சூப்பர்வைசர் என்று. ஆனாலும் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். "எனக்கு நாரிப்பிடிப்பு," என்றார் எங்கடையவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தமிழில், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல்.

அப்போது படிக்கட்டிலிருந்து, "இயோ," என்று ஒரு குரல். நான் என்று அர்த்தம். அன்ரன் பழப்பையோடு நின்றான்.

அடுத்த நாள் காலையில் குசினிக்கு வந்து, "அக்கா, கிழவரை எந்தப் பக்கத்தாலை தூக்கிறது? சும்மா சொல்லாதேங்கோ, செய்து காட்டுங்கோ," என்றான். காட்டினேன். மரக்குற்றிக் கை மெதுவாகப் பழகியது.

கபோ அறைக்குச் சனம் வருவது குறைந்தது. வந்தவர்களும் கோல் கதை சொல்லவில்லை. மாக்கட்டு வெட்டிய பிறகு, "அண்ணை, உங்கடை இடம், வந்து எடுங்கோ," என்று அன்ரன் போய்க் கேட்டானாம். "நீயே நில்லு," என்றானாம் ரூபன். கொஞ்ச நாளில் ரயில் ஏறி வடக்கே போய்விட்டான். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அன்ரன் கிழவரின் கடைசி மூச்சு வரை அந்த வீட்டில் நின்றான்.

இன்றைக்கும் கலியாண வீடுகளில் வயது போன ஆண்கள் கூடினால், "அந்தக் காலோடை கப்டன்ரை ஆட்டம் முடிஞ்சுது, அன்ரன்தான் முடிச்சவன்," என்பார்கள். அன்ரன் கேட்டுக்கொண்டு சோறு பிசைவான். கால் நன்றாகப் பொருந்திவிட்டது, விளையாடலாம் என்று டொக்டர் சொன்னதை ரயில் ஏற முன்னம் ரூபனே எனக்குச் சொன்னான். ஆட்டத்தை முடித்தது கால் இல்லை என்று சொல்ல வாய் திறக்கப் பார்ப்பேன், அதற்குள் யாராவது தண்ணி கேட்பார்கள், எழும்பிப் போய்விடுவேன்.

அந்த வெளியில் இப்போது வாகனங்கள் அடுக்கி வைக்கிறார்கள். ஞாயிறு ஆட்டம் நின்று எவ்வளவோ காலம். இப்போது வருகிற பெடியள் கிழவர்களைப் பார்க்கிற வேலை என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், அதற்குப் படித்துச் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். நொத்தாரிசு கந்தோர் என்று சொல்ல இப்போது யாருமில்லை.

முறிந்தது இடது காலா வலது காலா, மழைகாலத்துக்கு முந்திய ஞாயிறா பிந்தியதா என்று எனக்குத் தடுமாற்றம். அன்றைக்கு அந்த விளையாட்டு வெளியில் நின்ற யாராவது இதை வாசித்தால் சரி பார்த்துத் திருத்திவிடுங்கள். சிஞ்ஞோரா சொன்னதை மட்டும் திருத்தவேண்டாம். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.